ஒன்பது நொடி அலறல்

ஃபியோரென்சா பால்தாச்சி ரோம் நகரத்தில் படங்களுக்குக் குரல் கொடுத்தே பிழைத்தவள். இயக்குநர் துச்சோ மராஸ்கியின் படங்களில் குத்துப்பட்டுச் சாகும் அழகிகள் பதினான்கு பேருக்கும் அவள்தான் தொண்டை. சிவப்புக் கையுறை, பளிங்குப் படிக்கட்டு, கண்ணாடியில் வழியும் ரத்தம் என்று மராஸ்கி கொலையை ஜவுளிக்கடை ஜன்னல் போல அலங்கரிப்பார். அலறல் மட்டும் அவருக்கு ஒருநாளும் திருப்தியானதில்லை.

"நீ எலியைப் பாத்துக் கத்துற. சாவைப் பாத்துக் கத்து."

"சாவை நான் எங்க பாத்தேன், மாஸ்த்ரோ? எங்க வீட்டுல எலிதான் இருக்கு."

எழுபத்து நான்காம் வருஷம் மார்ச் மாதம். பன்னிரண்டாம் தடவையாக அவள் வாய் திறக்கப்போன நேரத்தில் வாயிற்காவலர் உள்ளே ஓடிவந்தார். கட்டட வேலைக்குப் போன அவள் தம்பி ஒரேஸ்தே, சாரம் சரிந்து செத்துப்போனான் என்றார். அவள் அலறினாள். ஒலிப்பதிவாளர் நேவியோ விக்கித்து நின்றதில் ஒலிநாடா அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

அடக்கத்துக்கு மராஸ்கி வந்தார். பெட்டிக்குத் தோள் கொடுத்தார், தேம்பி அழுதார். அந்த அழுகையைப் பொய்யென்று அவள் என்றைக்கும் சொன்னதில்லை.

இலையுதிர் காலத்தில் படம் வந்தது. அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனாள். படிக்கட்டுக் காட்சியில் அந்த அலறல் எழுந்தது. அம்மா அவள் கையை அழுத்தி, "உடம்பெல்லாம் சிலிர்க்குதுடி. எப்படித்தான் இப்படி நடிச்சியோ!" என்றாள்.

மறுநாள் நேவியோவைப் பிடித்தாள்.

"அழிச்சிருக்கக் கூடாதா?"

"அழிக்கத்தான் போனேன். மராஸ்கி என் கையைப் பிடிச்சுட்டார். எனக்கும் ரெண்டு பிள்ளைங்க இருக்கு, ஃபியோரென்சா."

அவள் போய்க் கேட்டபோது மராஸ்கி தலைகுனியவில்லை. "அதைத் தூக்கி எறிஞ்சிருந்தா உன் தம்பி வெறுமனே செத்தவன். இப்ப அவனுக்காக ஊரே நடுங்குது" என்றார். ஒப்பந்தப்படி ஒலிக்கூடத்தில் பதிவான குரலெல்லாம் கம்பெனிக்குச் சொந்தம்.

இருபத்தைந்து வருஷம் கழித்து அவள் பேட்டையின் சர்ச் கூடத்தில் அந்தப் படத்தைத் திரையிட்டார்கள். முடிந்ததும் வாக்குவாதம்.

"வெறும் மினுக்கு! இந்த ஆளுக்கு இவ்வளவு பேரா?" என்றார் ஒரு பள்ளி ஆசிரியர்.

"அப்ப அந்த அலறல்? மனசில்லாதவனால ஒரு நடிகைகிட்டேருந்து அதை வாங்க முடியுமா?" என்று பத்திரிகைக்காரப் பெண் ஒருத்தி சீறினாள். யாரோ ஃபியோரென்சாவைக் காட்டிக்கொடுத்தார்கள். "சிஞோரா, நீங்களே சொல்லுங்க. அவர் அந்தப் பேருக்குத் தகுதியானவரா?"

அதை அவர் வாங்கவில்லை, எடுத்துக்கொண்டார். ஆனால் கேட்டவுடனே அதன் விலையைப் புரிந்துகொண்டவரும் அவர் ஒருவர்தான். உண்மையைச் சொன்னால் 'ஐயோ பாவம்' என்பார்கள். பிறகு அந்த அலறலை இன்னும் கூர்மையாகக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார்கள்.

"அவருக்குக் காது நல்லா கேக்கும்" என்றாள்.

கூடம் சிரித்துக் கைதட்டியது. அந்தப் பெண் குறித்துக்கொண்டாள். ஆசிரியர்கூட, "சரி, அந்த இடத்தை மட்டும் இன்னொரு தடவை போடுங்க, பாப்போம்" என்றார்.

ஃபியோரென்சா எழுந்தாள். வரிசையின் நடுவே அவள். இரண்டு பக்கமும் முழங்கால்கள். வழி கேட்பதற்குள் விளக்கை அணைத்துவிட்டார்கள். பின்னாலிருந்து யாரோ, "உக்காருங்கம்மா, மறைக்குது" என்றார்கள்.

அவள் உட்கார்ந்தாள்.