நான் எழுதிய முப்பத்தெட்டு நிமிடம்

போன நவம்பரில் ஒரு புதன்கிழமை, எங்கள் அலுவலக அறிக்கையில் முப்பத்தெட்டு நிமிடம் என்று இருக்கும் ஒரு பயணத்தை நேரில் போய்ப் பார்த்தேன். அறிக்கையை எழுதியவளே நான்தான். டென்மார்க்கின் பிராந்திய சுகாதார சேவை ஒன்றில் பொருளியலாளராக இருக்கிறேன். எந்தப் பிராந்தியம், எந்த மருத்துவமனை என்று கேட்காதீர்கள். எனக்கு இந்த வேலை இன்னும் வேண்டும்.

பிராண்டே என்ற சிறு ஊருக்குப் பக்கத்தில் ஆறு கட்டிலோடு ஒரு சிறிய டயாலிசிஸ் நிலையம் இருந்தது. அதை மூடிப் பெரிய மருத்துவமனைக்கு மாற்றலாமா என்று பார்க்கும் வேலை இரண்டு வருடத்துக்கு முன் என் மேசைக்கு வந்தது. நோயாளியின் பயணம் என்ற பெட்டியில், கணினி வரைபடத்தைப் பார்த்து 46 கிலோமீற்றர், காரில் 38 நிமிடம் என்று நிரப்பினேன். ஐந்து நிமிட வேலை. நிலையத்தை மூடிவிட்டார்கள்.

அந்தக் கட்டில்களில் ஒன்றில் கிழமைக்கு மூன்று நாள் படுத்திருந்தவர் சிவம் அண்ணை. என் அண்ணனோடு காற்றாலைத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். நாங்கள் பிராண்டேக்குக் குடிவந்தபோது எங்கள் கட்டில், அலுமாரி எல்லாவற்றையும் மாடிக்குத் தூக்கித் தந்தவர். நிலையம் மூடிய பிறகு அவருடைய மனைவி, நான் அண்ணி என்று கூப்பிடுபவர், எனக்குப் போன் எடுத்தார்.

"இவர் அவ்வளவு தூரம் ஏலாது, இனி வெள்ளிக்கிழமையில போகமாட்டன் எண்டு நிக்கிறார். தாதியும் சொல்லிப் பாத்திட்டா, நானும் கத்திப் பாத்திட்டன். நீ ஒருக்கா வந்து கதை."

மூன்றில் ஒரு நாளை விட்டால் உடம்பு என்ன ஆகும் என்பதை அறியப் பொருளியல் படித்திருக்கத் தேவையில்லை. செவ்வாய் பின்னேரமே நான் இப்போது இருக்கும் ஒடென்சேயில் ரயில் ஏறினேன். வைலேயில் மாற வேண்டும், அங்கே இருபது நிமிடக் காத்திருப்பு. மேடையில் காற்று காதைப் பிய்க்கும், தொப்பி எடுத்துப் போங்கள். பிராண்டே வரை மொத்தம் 1 மணி 50 நிமிடம், கட்டணம் 214 டெனிஷ் குரோனர்.

டயாலிசிஸ் முடித்த கையோடு தலைசுற்றலில் கார் ஓட்ட முடியாது. அதனால் நோயாளிகளைச் சேர்த்து ஏற்றும் வாகனம் வரும், அது இலவசம். காலை 6.10 என்றார்கள், வந்தது 6.32க்கு. ஏறியதும் எதிர்த் திசையில் போய் ஒரு மூதாட்டியை ஏற்றியது, பிறகு ஒரு பண்ணை வீட்டு வாசலில் ஒன்பது நிமிடம் நின்றது. நேரே போனால் எவ்வளவு நேரம் என்று சாரதியிடம் டெனிஷில் கேட்டேன்.

"நாப்பது நிமிஷம் வராது. ஆனா நான் ஒருநாளும் நேரே போனதில்லை" என்றார்.

போய்ச் சேர 8.14. ஒரு மணி 42 நிமிடம்.

சிகிச்சை நாலு மணி நேரம். 13.05க்கு அண்ணை வெளியே வந்தார். திரும்பும் வாகனம் 14.20க்குத்தான். முகம் சாம்பலாகிக் கதிரையில் சரிந்திருந்தவரிடம் அதற்குமேல் மறைக்க முடியவில்லை.

"அண்ணை, அந்த நேரத்தைப் பிழையா எழுதினது நான்தான்."

"தெரியும். பிராண்டேயில எல்லாருக்கும் தெரியும்."

"பின்னை ஏன் ஒருத்தரும் எதிர்த்து எழுதேல்லை? எட்டுக் கிழமை அவகாசம் இருந்ததே?"

"டெனிஷ் ஆக்கள் கையெழுத்துக் கேட்டு வீடு வீடா வந்தவை. எங்கட ஆக்கள் ஒருத்தரும் போடேல்லை. எங்கட பிள்ளை உள்ளுக்க இருக்கிறா, அவ விடமாட்டா எண்டு இருந்திட்டம். நாங்கள் எழுதி உன்ர வேலைக்குக் கரைச்சல் வந்திடக்கூடாது எண்டும் நினைச்சம்."

எனக்கு ஆத்திரம் வந்தது. அவர்கள்மேல் கொஞ்சம், மிச்சமெல்லாம் என்மேல். அவகாசம் முடிந்ததும் அதே அறிக்கையில் "இப்பகுதித் தமிழ்க் குடும்பங்களிடமிருந்து ஆட்சேபம் எதுவும் இல்லை" என்று சேர்த்திருந்தேன். அதை ஒரு நல்ல செய்தியாகத்தான் எழுதினேன்.

திரும்பும் வழியில் அண்ணை இரண்டு தடவை பையில் வாந்தி எடுத்தார். வீடு வர 16.05. வாசலில் வைத்து, "வெள்ளிக்கிழமை போங்கோ அண்ணை" என்றேன். "பாப்பம்" என்றார்.

மறுநாள் இந்த நேரங்களையெல்லாம் எழுதி என் மேலதிகாரியிடம் கொடுத்தேன். அவர் கோப்பி ஊற்றித் தந்தார். ஒருவருடைய ஒரு நாள் பயணத்தைத் தரவு என்று எடுக்க முடியாது என்று அன்பாகவே சொன்னார். இரண்டு வருடத்துக்கு முன் என்றால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

இப்படி யாருக்காவது துணைக்குப் போவதென்றால் உங்கள் பெயரை முன்கூட்டியே பதியுங்கள், இல்லாவிட்டால் ஏற்றமாட்டார்கள். சாப்பாடு, போர்வை, இரண்டு மூன்று பைகள் கொண்டுபோங்கள். வரைபடம் காட்டும் நேரத்தை நம்பாதீர்கள். உங்கள் ஊரில் எதையாவது மூடுவது பற்றிக் கருத்துக் கேட்டுக் கடிதம் வந்தால், உடைந்த டெனிஷிலாவது அன்றைக்கே பதில் எழுதுங்கள். உள்ளே நம் ஆள் இருக்கிறார் என்று சும்மா இருந்துவிடாதீர்கள்.

வெள்ளிக்கிழமை காலை 6.40க்குப் போன் எடுத்தேன். அண்ணி எடுத்தார்.

"வாகனம் இன்னும் வரேல்லையோ அண்ணி?"

"வந்தது. இண்டைக்குச் சரியா ஆறு பத்துக்கே வந்தது. இவர்தான் திருப்பி அனுப்பிப்போட்டார்."