மழையில் நனையாதவனின் அணி

சக்தி என்று பார்த்தால் அவனுக்கு இருந்தது ஒன்றே ஒன்றுதான்: மழையில் நனைய மாட்டான். அதை வைத்துக்கொண்டு எந்தத் திருடனைப் பிடிப்பது? அதனால்தான் ஆள் சேர்த்தான். இருட்டில் பார்க்கத் தெரிந்த ஒரு கிழவி, பூட்டோடு பேசுகிற ஒரு தச்சன், இவன். மூன்று பேருமாக ஒரு நகரத்துத் திருடர்களை அலற விட்டார்கள். பெரிய ஹீரோக்களின் காமிக்ஸில் இடம் மிச்சமானால், கடைசித் தாளில் முன்னும் பின்னுமாக இரண்டே பக்கம் வருவான். என் வகுப்பில் எவளுக்கும் அவனைத் தெரியாது. எனக்கு அவன்தான் ஹீரோ. இன்றைக்கும் அவன்தான், யாரும் என்னிடம் வாதாட வரவேண்டாம்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில வருடங்களில் நடந்தது இது. நான் எட்டாம் வகுப்பு. குருசுக்குப்பம் போகிற வழியில் ஒரு வாடகைப் புத்தகக் கடை இருந்தது. அதன் வாசலைக் கூட்டி, தண்ணீர் தெளித்து, புத்தகங்களை அடுக்கி வைப்பவர் ஒரு மாமா. மில் மூடியதில் வேலை போனவர். கடைக்காரர் கூலி தரமாட்டார். மூலையில் ஸ்டூல் போட்டு எதை வேண்டுமானாலும் படித்துக்கொள்ளலாம், அதுதான் பேச்சு. “வூட்ல இருந்தா மனசு எங்கெங்கயோ போவுது பாப்பா. இங்க வந்தாதான் நான் மனுசனா இருக்கேன்” என்று ஒருமுறை என்னிடம் சொன்னார்.

எங்கள் வீட்டில் அம்மாவும் சித்தியும் வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளை வாராவாரம் கிழித்துச் சேர்த்து, கதை முடிந்ததும் அட்டை போட்டுத் தைத்துவிடுவார்கள். அலமாரி நிறைய அப்படித் தைத்த புத்தகங்கள். பிடித்த கதையைக் கிழித்தெடுப்பது எங்களுக்கு ஒழுங்கான காரியம். நானும் அதையேதான் செய்தேன். வாடகைக்கு எடுத்த காமிக்ஸிலிருந்து என் ஆள் வரும் கடைசித் தாளை மட்டும் பிளேடால் அறுத்துக்கொண்டு, புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். அது நம் வீட்டுப் பத்திரிகை இல்லை என்பது மண்டையில் ஏறவே இல்லை. பதினேழு தாள் சேர்ந்ததும் கோணி ஊசியால் தைத்து, பழுப்பு அட்டையும் போட்டேன். நல்ல கைவேலை, அதில் எனக்கு இப்போதும் பெருமைதான்.

அவனைப் பார்த்து நானும் ஓர் அணி தொடங்கினேன். தலைவி நான். என் வயசு எதிர்வீட்டுக்காரி துப்பறிபவள். எங்கள் ஊர் போலீஸ் போல் சிவப்பு அட்டைத் தொப்பி வைத்த என் தம்பி காவல். இரண்டு வாரம் ஒரு குற்றமும் சிக்கவில்லை. அப்புறம் ஒருநாள் கடைக்காரர் கத்தினார். “எவன்டா கடைசித் தாளை அறுக்கறவன்? மாட்டினா தொலைச்சிடுவேன்!”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தம்பியோ குதித்தான். “அக்கா, நமக்கு மொத கேஸு!”

“புடிச்சிரலாம்” என்றேன். தலைவி வேறென்ன சொல்வாள்?

எதிர்வீட்டுக்காரி கெட்டிக்காரி, என்னைத் தவிர எல்லாரையும் கண்காணித்தாள். நாலாம் நாள் மாமாவின் துணிப்பையில் கத்தரிக்கோல் இருப்பதைப் பார்த்து, நேரே கடைக்காரரிடம் சொல்லிவிட்டாள். அவர் பையைப் பிடுங்கித் தெருவில் கொட்டினார். கத்தரிக்கோல், ஒரு டப்பா மைதா பசை, முதுகு கிழிந்த இரண்டு காமிக்ஸ்.

“கிழிஞ்சதை ஒட்டி எடுத்தாரலாம்னு...” என்று மாமா ஆரம்பித்தார்.

“யோவ், பேசாத! இனிமே இந்தப் பக்கம் வராத!”

சாயங்கால நேரம், தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். மாமா ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு போனார். தம்பி எனக்கு சல்யூட் அடித்தான். நான் வாயைத் திறக்கவில்லை. சீ, என்ன பிறவி நான் என்று அன்றைக்கு என் மேலேயே வெறுப்பு வந்தது.

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம், ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, தைத்த புத்தகத்தைக் கடைக்காரர் முன்னால் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். “அடிப்பாவி!” என்றவர், சட்டையை மாட்டிக்கொண்டு மாமா வீட்டுக்கே போய்க் கூப்பிட்டார். மாமா வரவில்லை. மறுநாள் நான் போனேன்.

“நீ ஒத்துக்கிட்ட, சரி” என்றார் மாமா. “என் பையைக் கொட்டினதை எட்டு பேர் பாத்தாங்க. நீ ஒத்துக்கிட்டதை எத்தினி பேர் பாத்தாங்க?”

வீட்டுக்கு வந்து அணியைக் கூட்டி உண்மையைச் சொன்னேன். “தூ, நீயெல்லாம் தலைவியா?” என்றாள் எதிர்வீட்டுக்காரி. ஆனால் கூடவே கிளம்பினாள். எட்டுப் பேர் யார் யார் என்று மாமாவிடமே கேட்டுக்கொண்டு தெருத்தெருவாக அலைந்தோம். டீக்கடைக்காரர், மீன்கூடை அக்கா, டியூஷன் பிள்ளைகள் என்று ஏழு பேரைப் பிடித்துவிட்டோம். எங்கள் அணி உருப்படியாகச் செய்த ஒரே துப்பறியும் வேலை அது. எட்டாமவர் வெளியூர்க்காரர். கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் படுத்திருந்த தன் தம்பிக்காக வாரப் பத்திரிகை எடுக்க வந்தவர், பஸ் ஏறிப் போய்விட்டிருந்தார். எந்த ஊர் என்று யாருக்கும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், அந்த ஏழு பேரும் கூடியிருக்க, கடை வாசலில் பெஞ்சு மேல் ஏறி நின்று, குரல் நடுங்காமல் சொன்னேன். “தாளை அறுத்தது நான். மாமா இல்ல.” கடைக்காரரும் எல்லார் முன்னாலும் மாமாவிடம் மன்னிப்புக் கேட்டார். மாமா உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். சாதித்துவிட்ட தெம்போடு அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

“ஒருத்தர் ஊருக்குப் போயிட்டாருன்னு சொன்னியே” என்றார், என்னைப் பார்க்காமல். “அந்த ஊர்ல நான் இன்னிக்கும் திருடன்தான் பாப்பா.”