சர்பத் செல்லாது

ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் நற்கருணை அப்பம் வாங்க எல்லோரும் எழுந்து போகும்போது, கடைசி பெஞ்சில் ஒருவர் மட்டும் உட்கார்ந்திருப்பார். அவர் என் அப்பா. அவர் மடியிலும் இரண்டு பக்கத்திலும் பெண்களின் கைப்பைகள் குவிந்திருக்கும். ஞானஸ்நானம் வாங்காதவருக்கு நற்கருணை கிடையாது. அதனால் இருபது வருடமாக எங்கள் கோயிலில் அவர்தான் கைப்பைக் காவலர். ஒரு பைகூடத் தொலைந்ததில்லை என்பதில் அவருக்கு ஏகப்பட்ட பெருமை.

அப்பா சோழவந்தான் பக்கத்து இந்து விவசாயக் குடும்பம். மதுரையில் பஸ் டிப்போவில் ஃபிட்டர் வேலை. அம்மா பரம்பரைக் கத்தோலிக்கக் குடும்பம், பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர். பிஷப்பிடம் அனுமதி வாங்கிக் கோயிலில் வைத்துத்தான் கல்யாணம். பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கச் சம்மதம் என்று அப்பா கையெழுத்துப் போட்டார்; நான் பிறந்ததும் அதன்படி செய்தார். தன் விஷயம் என்று வந்தால் மட்டும், "பாப்போம், பாப்போம்" என்பார்.

அம்மாவுக்கு இதில் விளையாட்டே கிடையாது. ஞானஸ்நானம் இல்லாமல் மோட்சம் இல்லை என்று சின்ன வயதில் ஞானோபதேச வகுப்பில் மனப்பாடம் செய்தவள் அவள். செத்த பிறகு தான் ஒரு பக்கம், இவர் ஒரு பக்கம் என்று ஆகிவிடுமே என்று நினைத்தாலே அவளுக்குச் சோறு இறங்காது.

தொண்ணூறுகளின் நடுவில், நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு மே மாத மத்தியானம் அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்தது. ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனோம். கோரிப்பாளையம் நெரிசலில் ஆட்டோ மாட்டிக்கொண்டது. முன்னாலும் பின்னாலும் பஸ். அப்பாவின் கண் செருகியது. நான் அவர் காலைத் தேய்த்துக்கொண்டே அழுதேன். அம்மா அழவில்லை. சாகக் கிடப்பவருக்கு அவசரத்தில் யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது அவளுக்குத் தெரியும்.

"பாய், தண்ணி! சீக்கிரம் தண்ணி குடுங்க பாய்!" என்று ரோட்டோரக் கடையைப் பார்த்துக் கத்தினாள்.

கடைக்கார பாய் ஓடி வந்து ஒரு கண்ணாடி டம்ளரை நீட்டினார். அம்மா அதைப் பார்க்கக்கூட இல்லை. வாங்கி அப்பாவின் தலையில் மூன்று தடவை ஊற்றி, "பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே" என்று மந்திரத்தைச் சொல்லி முடித்தாள்.

"குடிக்கக் குடுங்கம்மா! மயக்கத்துக்கு நல்லதுன்னு சர்பத்து போட்டாந்தா, தலையில ஊத்துறீகளே!" என்று பாய் பதறினார்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் அப்பாவின் புருவத்திலிருந்து சர்பத்தில் கிடந்த சப்ஜா விதைகளை ஒவ்வொன்றாக எடுத்தார். மறுநாள் அப்பா கண் விழித்ததும் முதலில் சொன்னது, "தலகாணியில என்ன இம்புட்டு எறும்பு?" என்பதுதான். அவர் பிழைத்துவிட்டார் என்று எனக்கு அப்போதுதான் நம்பிக்கை வந்தது. சிரித்தேன், அழுதேன், எறும்புகளையும் தட்டிவிட்டேன்.

அம்மாவுக்கு வேறு கவலை. அப்பா வீடு திரும்பிய வாரமே என்னையும் இழுத்துக்கொண்டு கோயில் பங்குச்சாமியாரிடம் போனாள். வயதானவர். நடந்ததை முழுவதும் கேட்டார். சிரிப்பை அடக்கியதில் அவர் முகம் சிவந்துபோனது.

"சர்பத்து செல்லாதும்மா. தண்ணிதான் வேணும்."

"அதுல முக்காவாசி தண்ணிதான சாமி?" அம்மா விடுவதாக இல்லை.

"தண்ணியே ஊத்திருந்தாலும், அவரு விவரம் தெரிஞ்ச ஆளு. அவரு கேட்டாரா? கேக்காதவருக்குக் குடுக்க முடியாது. உண்மையிலேயே ஆசப்பட்டு, வாங்குறதுக்குள்ள ஒருத்தர் செத்துப்போனா, அந்த ஆசையே ஞானஸ்நானந்தான். அவருக்கு ஆசை இருக்கான்னு மொதல்ல கேளும்மா."

அன்று சாயங்காலமே கேட்டாள். அப்பா கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்.

"ஆசை இல்லாமலா இருவது வருசமா பை காக்குறேன்?"

"பின்ன எதுக்கு இழுக்குறீங்க?"

அப்பா தட்டைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார்: "மூத்தவளுக்கு யாரு தண்ணி ஊத்துனா, புள்ள? கல்யாணமாகி எட்டே மாசம். மஞ்சக்காமாலையில போயிட்டா. ஏசுன்னு ஒரு பேரு இருக்குன்னுகூட அவளுக்குத் தெரியாது. நானும் ஒங்கூட மோட்சத்துக்கு வந்துட்டா, அவ எங்கிட்டுப் போயி நிப்பா?"

அப்பாவுக்கு ஒரு முதல் மனைவி இருந்தார் என்பது எங்களுக்குத் தெரியும். ஆனால் அவரைப் பற்றி வீட்டில் யாரும் பேசியதில்லை. அம்மா இரண்டு நாள் அப்பாவோடு பேசவில்லை. பாத்திரங்கள் மட்டும் பேசின. பொறாமை என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்கு இன்றும் வெட்கப்படுகிறேன். மூன்றாம் நாள் காலை அவள் மறுபடியும் என்னைக் கூட்டிக்கொண்டு சாமியாரிடம் போனாள். தனக்காக இல்லை, அந்தப் பெண்ணுக்காக.

"கேள்வியே படாம செத்த புள்ள சாமி. அதை எந்தப் பக்கம் வைப்பாரு?"

சாமியார் சிரிக்கவில்லை. "ஞானஸ்நானம் கடவுள் நமக்குக் காட்டுன வழி. அது தெரிஞ்சவுக அதுலதான் போகணும். அதுக்காக அவரு தன் கையக் கட்டிப்போட்டுக்கலம்மா. அந்தப் புள்ள அவரு பொறுப்பு. நம்பலாம்."

நம்பலாம் என்று அவர் சொன்னது, வீடு வந்து சேர்வதற்குள் அம்மாவின் வாயில் முடிந்த காரியமாகிவிட்டது. செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று அப்பாவிடம் சொன்னாள்:

"அக்கா அங்கதேன் இருக்காக. சாமி சொல்லிட்டாரு. நீங்க வரலைன்னா நாங்க ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணும்."

அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். முதல் மனைவியை அவள் அக்கா என்று சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன். "சரி, வர்ற ஈஸ்டருக்குப் பாப்போம்" என்றார் அப்பா. பெரியவர்களுக்கு ஈஸ்டரில்தான் ஞானஸ்நானம் கொடுப்பது வழக்கம். அந்த ஈஸ்டருக்கு டிப்போவில் வேலை அதிகம். அடுத்ததற்கு என் கல்யாணம். அதற்கடுத்ததற்கு என்ன காரணம் என்று எனக்கு நினைவில்லை. உண்மையில் காரணம் ஏதும் இல்லை; அம்மா எங்கே போய்விடப் போகிறாள் என்று நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம்.

நெஞ்சு வலி வந்தவர் இருந்தார், கல் மாதிரி இருந்தவள் போய்விட்டாள். இரண்டாயிரம் பிறந்து சில வருடங்களில், மூன்று வாரக் காய்ச்சலில் அம்மா இறந்தாள். கடைசி நாட்களில் அவள் அப்பாவிடம் ஞானஸ்நானத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் அவர் அந்தக் கட்டிலருகிலேயே வாங்கியிருப்பார். அவள் ஏன் கேட்கவில்லை என்பது எனக்கு இன்னும் ஆறாத வலி.

முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் அப்பா தானாகவே போய் ஞானஸ்நானத்துக்குப் பெயர் கொடுத்தார். அப்போது வேறு சாமியார் வந்திருந்தார், இளைஞர். ஈஸ்டர் வரை காத்திருக்கச் சொன்னார். "இனி காக்க முடியாது சாமி" என்றார் அப்பா. அறுபத்தோரு வயதில் நான்கு மாதம் ஞானோபதேசம் படித்தார். ஒரு ஞாயிறு காலைப் பூசையில் சடங்கு. திருச்சபையிடம் என்ன கேட்கிறாய் என்று சாமியார் கேட்பார், விசுவாசம் என்று சொல்ல வேண்டும். ஒரு வாரம் நான்தான் அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன். வீட்டில் ஒரு தடவைகூடத் தப்பவில்லை.

கோயிலில் சாமியார் கேட்டார். அப்பா வாயைத் திறந்தார், மூடினார். நான் பின்னாலிருந்து மெல்ல எடுத்துக் கொடுத்தேன். அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

"என் வீட்டுக்காரிக ரெண்டு பேரும் இருக்கிற எடம், சாமி" என்றார்.

சாமியார் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். புத்தகத்தை மூடிவிட்டு, "தலையக் குனிங்கய்யா" என்று தண்ணீரை எடுத்தார்.