பிரிக்க முடியாத பாக்கெட்

என் பெரியம்மா இருபத்திரண்டு வருடமாக ஒரு சீர்திருத்த விடுதியில் தையல்காரி. வீட்டுக்கு அடங்காத, பள்ளியை விட்டு ஓடிய, ஜன்னலை உடைத்த பெண்பிள்ளைகளை அங்கே கொண்டுவந்து விடுவார்கள். வந்த அன்றே பாக்கெட் இல்லாத சாம்பல் நிறச் சட்டை கொடுக்கப்படும். பாக்கெட் இருந்தால் எதையாவது ஒளித்துவைப்பார்களாம். ஆறு மாதம் ஒரு தப்பும் செய்யாதவளுக்கு மட்டும் இடுப்புப் பக்கம் ஒரு பாக்கெட் தைத்துக் கொடுப்பார்கள். சனிக்கிழமை எல்லோர் முன்னாலும் அதைப் போட்டுக்கொண்டு வந்து நிற்க வேண்டும். கைதட்டல் உண்டு. அடுத்த மாதம் வீடு.

இடையில் தப்பு செய்தால், அதே வரிசைக்கு முன்னால் பாக்கெட்டைப் பிரித்துவிடுவார்கள். மறுபடி முதல் நாளிலிருந்து. பிரிப்பதும் பெரியம்மாவின் வேலைதான். சட்டென்று பிரிக்கத் தோதாக, பாக்கெட்டை நீளத் தையலில்தான் தைக்க வேண்டும் என்பது உத்தரவு.

எங்கள் குடும்பத்தின் முதல் பட்டம் என்னுடையது. அந்தச் சூட்டோடு அங்கே பதிவேடு எழுதச் சேர்ந்தேன். பெரியம்மா அதன்பிறகு என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. எல்லாவற்றுக்கும் "பட்டதாரி"தான்.

வாய் ஓயாததால் 'ரேடியோ' என்று பேர் வாங்கிய பதினைந்து வயதுக்காரிக்கு வீடு திரும்ப இன்னும் பத்தே நாள். பாக்கெட்டும் வாங்கியாயிற்று. ஒரு நாள் காலை வரிசைக்குப் பிந்தி வந்தாள். காய்ச்சலில் கிடந்த ஒருத்திக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு வந்ததாகச் சொன்னாள். 'தாமதம், நான்கு நிமிடம்' என்று எழுதினேன். காரணத்துக்குக் கட்டம் இல்லை. ஓரத்தில் எழுதியிருக்கலாம். தோன்றவில்லையா, தோன்றியும் எழுதவில்லையா என்று இன்றும் எனக்குத் தெளிவில்லை.

சனிக்கிழமை வார்டன், ரேடியோவை முன்னால் நிறுத்தினார்.

"பிரிங்க."

பெரியம்மா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "முடியாதுங்க மேடம்."

"முடியாதா, மாட்டீங்களா?"

"ரெண்டும்தான். ஊசி முனை நுழைய இடமில்லாம நெருக்கித் தச்சிருக்கேன்."

வார்டன் தானே பிளேடை எடுத்துக் குனிந்தார். நூல் அகப்படவில்லை.

"மேடம், கூசுது" என்றாள் ரேடியோ. வரிசை முழுக்க சிரிப்பு.

"நீளத் தையல்னுதானே சொன்னேன்?"

"சொன்னீங்க. போன வருஷம் ஒருத்திக்குப் பிரிச்சேன். அவ அழக்கூட இல்ல. 'பார்த்துப் பிரிங்க டெய்லரம்மா, துணி வீணாயிடப் போகுது'ன்னா. அன்னிக்கே தையலச் சின்னதாக்கிட்டேன். இங்க நிக்கிற பாக்கெட்டு அத்தனையும் அப்படித்தான்."

"வேலை போயிடும், தெரியுமில்ல?"

"போகட்டும் மேடம். கை என்கிட்டதானே இருக்கு."

வார்டன் என் பக்கம் திரும்பினார். "ரெஜிஸ்டரைக் கொண்டா. நாலு நிமிஷம்னு இருக்கா இல்லையான்னு எல்லாரும் பார்க்கட்டும்."

பேனாவை எடுத்தேன். 'காய்ச்சல்காரிக்குத் தண்ணீர் கொடுத்ததால்' என்று ஓரத்தில் எழுதிவிட்டு நீட்டினேன்.

"இது எப்ப எழுதினது?"

"இப்பதான் மேடம். அன்னிக்கே எழுதியிருக்கணும்."

காய்ச்சலில் கிடந்த பெண், கேட்காமலேயே, வரிசையிலிருந்து கையைத் தூக்கினாள். வார்டன் பதிவேட்டை மூடினார்.

"போ. வரிசையில நில்லு" என்றார் ரேடியோவிடம்.

சொன்ன நாளிலேயே ரேடியோ, பாக்கெட்டில் கை விட்டபடி, வழி நெடுகப் பேசிக்கொண்டே அம்மாவோடு போனாள். பெரியம்மாவைச் சீருடைத் தையலிலிருந்து தலையணை உறைக்கு மாற்றிவிட்டார்கள். அதையும் நெருக்கித்தான் தைக்கிறாள்.