கதிரை கேட்டவரும், கைதட்டிச் சிரித்த நானும்

இது நடந்தது போன வருடத்துக்கு முந்தைய கோடை விடுமுறையில், போர்த்துக்கல் நாட்டில் எவோரா என்ற ஊரில். மாண்ட்ரியலில் எங்கள் வீட்டுக்குக் கீழ்த்தளத்தில் ஒரு போர்த்துக்கீசியத் தம்பதி இருக்கிறார்கள். வீட்டுக்குப் பின்னால் திராட்சைக் கொடி வளர்ப்பவர்கள். அவர்கள்தான் பனிக்காலம் முழுக்க அந்த ஊரைப் பற்றிப் பேசிப் பேசி எங்களுக்கு ஆசை காட்டிவிட்டார்கள். ரோமர்கள் கட்டிய கோயில், பெரிய தேவாலயம், ஊருக்குள் உயரமான கல் வளைவுகளின் மேல் ஓடி வரும் பழைய நீர்க்கால்வாய் எல்லாம் உண்டு, கோட்டைச் சுவருக்குள் இருக்கும் பழைய ஊரை ஒரே நாளில் நடந்தே பார்த்துவிடலாம் என்றார்கள். அதை நம்பிக் கிளம்பினோம்.

முதலில் எங்கள் கதையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நடந்தது புரியாது. நான் சென்னைக்காரி. என்னவர் யாழ்ப்பாணத்துக்காரர். மாண்ட்ரியலுக்கு வந்த புதிதில் சேர்ந்த பிரெஞ்சு வகுப்பில்தான் பழக்கம். ஆசிரியை ஒரு நாற்காலியைத் தட்டி 'ஷேஸ்' என்றார். நான் வாய்க்குள் 'நாற்காலி' என்று சொல்லிப் பார்த்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்தவர் 'கதிரை' என்று முணுமுணுத்தார். "கதிரையா? அப்படின்னா என்னங்க?" என்று நான் கேட்க, "தமிழ் தெரியாதோ உமக்கு?" என்று அவர் கேட்க, அன்று ஆரம்பித்த சண்டை கல்யாணத்தில் போய் முடிந்தது. கல்யாணம்தான் முடிந்தது, சண்டை முடியவில்லை.

எங்கள் வீட்டில் நான் சமைப்பது சமையலறையில், அவர் சாப்பிடுவது குசினியில். நான் மாட்டுவது ஷூ, அவர் போடுவது சப்பாத்து. நான் வாங்குவது பிரெட், அவர் தின்பது பாண். 'குசினி' என்பது மாண்ட்ரியலுக்கு வந்து அவர் பிடித்துக்கொண்ட பிரெஞ்சு வார்த்தை என்றே ரொம்ப நாள் நினைத்திருந்தேன். "ஏன், எங்கட அம்மா பிரெஞ்சு படிச்சவவோ?" என்று ஒரு நாள் கேட்டார். எந்த விவாதத்தையும் "நாங்கள் கதைக்கிறதுதான் சுத்தத் தமிழ்" என்று முடிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவருக்குச் சர்க்கரை வியாதி. அவர் பாஷையில் சீனி வருத்தம். காலையில் ஊசி போட்டால் நேரத்துக்குச் சாப்பாடு வேண்டும். சர்க்கரை இறங்க ஆரம்பித்தால் முதலில் எரிச்சல் வரும், பிறகு வேர்க்கும், பிறகு பேச்சு குழறும். இந்த வரிசை எனக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். அப்படித்தான் நினைத்திருந்தேன்.

எவோராவில் முதல் ஆச்சரியம், ஓட்டல் வரவேற்பறையில். அங்கிருந்த பெண் அறைச் சாவியை நீட்டி 'ஷாவ்' மாதிரி என்னவோ சொன்னாள். அவர் காதை அது உடனே பிடித்துக்கொண்டது. "கேட்டீரோ? நீர் சொல்லுற சாவி அவையளின்ர சாமான். நாங்கள் திறப்பு எண்டு சொல்லுவம். நல்ல தமிழ்!" என்று குதித்தார். ஆனால் என் காலமும் வந்தது. மறுநாள் காலையில் ஒரு பழைய பிரபு வீட்டைச் சுற்றிப் பார்க்கப் போனோம். வழிகாட்டிப் பெண் ஒவ்வொரு அறையிலும் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டி, முதலில் அவர்கள் மொழியிலும் பிறகு ஆங்கிலத்திலும் பெயர் சொல்லிக்கொண்டே வந்தாள். மேசைக்கு 'மேஸா'. ஜன்னலுக்கு 'ஜனேலா'. இவை இரண்டு பேருக்கும் பொது, யாருக்கும் பாயின்ட் இல்லை. அடுத்து, தோல் போர்த்திய ஒரு நாற்காலியைத் தொட்டு 'கதெய்ரா' என்றாள். சமையலறைக்குள் நுழைந்ததும் 'குஸீஞா' என்றாள்.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. "சுத்தத் தமிழ்! சுத்தத் தமிழ்!" என்று அவர் முதுகில் தட்டினேன். கூட வந்த ஜெர்மன்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் முகத்தில் சிரிப்பும் குழப்பமும் கலந்து ஓடின. "அம்மா காலையில எழும்பினதில இருந்து குசினி குசினி எண்டுதான் சொல்லுவா. அது இவங்கட சொல்லோ?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார்.

அதன் பிறகு தேவாலயத்துக்குப் போனோம். உள்ளே தங்கமும் பளிங்குமாக மின்னியது. நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தேன். அவர் வாசல் தூண் பக்கத்திலேயே நின்றுவிட்டார். "யாழ்ப்பாணத்தைப் பிடிச்சு, எங்கட கோயிலுகளை இடிச்சுப்போட்டுக் கோட்டை கட்டின ஆக்கள். அவையளின்ர கோயிலை நான் ஏன் வாய் பார்க்க வேணும்?" என்றார். நானும் சும்மா இருக்காமல், "கோயிலை இடிச்சாலும் உக்காரக் கதிரை கொடுத்திருக்காங்களே!" என்று சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. வெளியே வந்தும் ஒன்றும் பேசவில்லை. கோபம் போலிருக்கிறது, சாப்பிட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

கீழ்வீட்டுக்காரர் ஒரு சாப்பாட்டுக் கடையின் பெயர் சொல்லியிருந்தார். அதைத் தேடித்தான் அந்தச் சந்துகளுக்குள் நுழைந்தோம். எல்லாச் சுவரும் வெள்ளை, எல்லாச் சுவரின் அடியிலும் மஞ்சள் பட்டை. போனில் எங்களைக் காட்டும் நீலப் புள்ளி ஒரு சமயம் அடுத்த தெருவில் இருந்தது, ஒரு சமயம் யாரோ ஒருவருடைய வீட்டுக்குள் இருந்தது. மாண்ட்ரியலில் மலை ஒரு பக்கம், ஆறு ஒரு பக்கம், எங்கே இறக்கிவிட்டாலும் வீட்டுக்கு வந்துவிடுவேன். இங்கே நாலாபக்கமும் வெயில்தான் தெரிந்தது. எதிரே வந்த ஒரு பெரியவரிடம் பிரெஞ்சில் கேட்டேன். அவர் கையை அப்படியும் இப்படியும் ஆட்டி நீளமாக ஏதோ சொல்லிவிட்டுப் போனார். சுற்றிச் சுற்றி மறுபடியும் அந்த நீர்க்கால்வாயின் அடியிலேயே வந்து நின்றோம். அதன் பெரிய கல் வளைவுகளுக்குள் சின்னச் சின்ன வீடுகளைக் கட்டிக் குடியிருக்கிறார்கள். அதைப் பார்த்து நான் வியந்துகொண்டிருக்க, என்னவர் மெதுவாகப் பின்னால் வந்தார்.

"இந்தப் பக்கமா போலாமாங்க?"

"சும்மா இரும்!"

அப்படி ஒரு குரலில் அவர் என்னிடம் பேசியதே இல்லை. தேவாலயத்தில் நான் சொன்னது இன்னும் ஆறவில்லை என்று எடுத்துக்கொண்டேன். கொஞ்ச தூரம் போனதும் அவர் ஒரு வளைவின் கல்லில் கையை ஊன்றி நின்றார். குனிந்து காலைப் பார்த்து, "சப்பாத்து..." என்றார். நாடா அவிழ்ந்து கிடந்தது. ஆனால் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? கோபம் போய் விளையாட்டுக்கு வந்துவிட்டார் என்று! வழியில் ஒரு செருப்புக் கடைப் பலகையில் அந்த வார்த்தையை நானும் பார்த்திருந்தேன்.

"அதுவும் அவங்களோடதுதான்! எனக்கு ஒரு பாயின்ட்!"

"கதிரை..." என்றார் அடுத்து.

"அதுக்குக் காலைலயே வாங்கியாச்சு. ரெண்டு தடவை கிடையாது."

"பாண்... பாண்..."

ரொட்டிக் கடைகளில் எல்லாம் அந்த வார்த்தையைப் பார்த்துக்கொண்டே வந்தவள்தானே நான்? அப்படியே கைதட்டிச் சிரித்தேன். எப்படியோ மனுஷன் சமாதானம் ஆகிவிட்டார் என்று எனக்கு ஒரே நிம்மதி.

அப்போது எங்கள் பக்கத்திலேயே ஒரு ஜன்னல் திறந்தது. ஏப்ரன் கட்டிய ஒரு பெண், ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், தலையை நீட்டிப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை, அவரையே பார்த்தாள். சட்டென்று உள்ளே போய்விட்டாள். நாங்கள் போட்ட சத்தத்துக்குத் திட்ட வரப்போகிறாள் என்று நான் மன்னிப்புக் கேட்கத் தயாரானேன். கதவு திறந்தது. ஒரு கையில் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு, அக்குளில் ஒரு ரொட்டியை இடுக்கிக்கொண்டு வெளியே வந்தாள். நாற்காலியை அவருக்குப் பின்னால் தள்ளினாள். அதற்காகவே காத்திருந்தவர் போல அவர் தொப்பென்று அதில் விழுந்தார்.

அப்போதுதான் நான் அவர் முகத்தைப் பார்த்தேன். வெளுத்துப் போய், சட்டையெல்லாம் நனைந்து, கண் எங்கேயோ நிலைகுத்தி இருந்தது. பையைக் கொட்டினேன். அவருக்காக வைத்திருக்கும் குளுக்கோஸ் மிட்டாய் முதல் நாள் பஸ்ஸிலேயே தீர்ந்துவிட்டது. ரொட்டி மென்று இறங்குகிற வரைக்கும் தாங்காது என்று எனக்குத் தெரியும். அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். ஆங்கிலத்திலா பிரெஞ்சிலா கத்தினேன் என்று யோசிக்காதீர்கள், இரண்டும் பறந்துவிட்டன. "சர்க்கரை! சர்க்கரை!" என்றுதான் வந்தது.

அவள் ஒரு நொடி விழித்தாள். "அசூக்கர்?" என்று கேட்டாள்.

ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினேன். ஓடிப்போய்த் தண்ணீரில் கரைத்துக்கொண்டு வந்தாள். நல்ல வேளையாக அவர் விழுங்கினார். கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினோம். எனக்கு உலகத்தில் உள்ள எல்லாச் சாமியும் ஞாபகம் வந்தது. காலையில் பார்த்த தேவாலயத்துச் சாமியையும் விடவில்லை.

அவர் கண்ணில் மெல்ல வெளிச்சம் திரும்பியதும், இரண்டு பேருமாகக் கைத்தாங்கலாக அந்த வளைவு வீட்டுக்குள் கூட்டிப் போனோம். உட்காரவைத்து, ஒரு துண்டை நனைத்து அவர் கழுத்தில் போட்டாள் அந்தப் பெண். அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். சுவரில் தொங்கும் சட்டிகளைப் பார்த்தார்.

"ஆரின்ர குசினி இது?" என்றார்.

"குஸீஞா! குஸீஞா!" என்று அந்தப் பெண் சிரித்துவிட்டாள். அவ்வளவுதான், இவருக்குத் தன் மொழி தெரியும் என்று முடிவு கட்டிவிட்டாள். அதற்குப் பிறகு மூச்சுவிடாமல் அவரிடம் பேச ஆரம்பித்தாள். அவர் என்னைப் பார்க்க, நான் அவரைப் பார்க்க, இரண்டு பேரும் பேந்தப் பேந்த விழித்தோம். ரொட்டியை அறுத்து ஆட்டுப்பால் சீஸோடு வைத்தாள். அவர் சாப்பிடச் சாப்பிட, எனக்கு அழுகை நிற்கவில்லை. அவள் என் தோளைத் தட்டிக் கொடுத்தாள். எந்த ஊர் என்று கேட்கிறாள் போலிருந்தது. கனடா என்றேன். அவர் தலையை ஆட்டி மறுத்து, நெஞ்சில் கை வைத்து "யாழ்ப்பாணம்" என்றார். அவளுக்குப் புரியவில்லை. இன்னும் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். அவள் உதட்டைப் பிதுக்கிச் சிரித்தாள்.

ஓட்டலுக்குத் திரும்பும் வழியில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். "நாங்கள் பள்ளிக்கூடத்தில இவையளைப் பற்றிப் பாடம் பாடமாப் படிச்சம். இவைக்கு எங்கட ஊரின்ர பேரே தெரியாது" என்றார். பிறகு, "அந்த மனிசியில கோவப்பட ஏலுமோ சொல்லும்? பாண் தந்தவ" என்றார். அப்புறம் தயங்கித் தயங்கிக் கேட்டேன், "நீங்க விளையாடுறீங்கன்னு நெனச்சேன். உங்களுக்குக் கோவமா?" அவர் என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "நான் கதிரையும் பாணும் உம்மட்டத்தான் கேட்டனான்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். இதமாகத்தான் சொன்னார்.

மாண்ட்ரியலுக்கு வந்த பிறகு சண்டை பழையபடி தொடங்கிவிட்டது. சாவி அவர்களுடையது என்று அவரும், கதிரை அவர்களுடையது என்று நானும் மல்லுக்கட்டுகிறோம். கீழ்வீட்டுக்காரரிடம் பஞ்சாயத்துக்குப் போனால், அவர் எல்லாமே தங்களுடையது என்று சொல்லிச் சிரிக்கிறார். எது யாருடைய வார்த்தை, கோயிலை இடித்தவர்கள் விட்டுப்போன வார்த்தையை என்னவர் இவ்வளவு ஆசையாக வாயில் வைத்திருப்பது சரியா தப்பா என்று யோசித்தால், எனக்கு இன்றைக்கும் குழப்பம்தான். ஆனால் குசினியிலிருந்து அவர் எதையாவது கேட்டால், அந்த வார்த்தை எந்தக் கப்பலில் வந்தது என்று கேலி செய்வதற்கு முன்னால், ஒரு தடவை எட்டி அவர் முகத்தைப் பார்த்துவிடுகிறேன்.