வாய் திறந்த நெல்

"இறக்காத மச்சாள். அப்பிடியே வச்சிரு."

ஓட்டோவிலிருந்து பாதி வெளியே வந்துவிட்ட மூட்டையை ஆச்சிப்பிள்ளை முழங்காலால் தாங்கிக்கொண்டாள். கோயில் வண்ணக்கர் இளையதம்பி வாசலை மறித்து நின்றார். கோயிலின் முறைகளைப் பார்ப்பது அவர் பொறுப்பு. சாமி விஷயத்தில் மட்டும் அவருக்குக் குரல் தடிக்கும்.

"என்ன மச்சான், நெல்லுக்கும் அடையாள அட்டை கேக்கிறீங்களா?"

"பகிடி விடாத. இது ஜீஎம் நெல்லு, மரபணு மாத்தினது எண்டு கதை வந்திருக்கு."

"ஆர் சொன்னது?"

உள்ளே தேங்காய் அடுக்கிக்கொண்டிருந்த ரதீஸ் நிமிர்ந்தான். ஆச்சிப்பிள்ளையின் தங்கையின் மகன்.

"நான்தான் பெரியம்மா."

மூட்டையின் அடி மூலையில் ஓட்டை. கால் கழுவும் பைப்படியின் ஈர மணலில் நெல் சிந்திக்கொண்டிருந்தது. ஆச்சிப்பிள்ளை குனிந்து ஓட்டையை விரலால் அடைத்தாள். அவளுக்கு ஐம்பத்து நான்கு வயது. நெல் மூட்டையோடு அந்த வாசலில் அவளை யாரும் நிறுத்தியதில்லை.

குருக்கள்மடத்துக்குப் பக்கத்தில் இருக்கிற அந்தக் கண்ணகை அம்மன் கோயில் வருடத்தில் ஒரு முறை, வைகாசியில், சில நாட்களுக்கு மட்டும் கதவு திறக்கும். கடைசியில் பொங்கல். அதற்கு முதல் நாள் பெண்கள் கோயில் முற்றத்தில் உரல் போட்டு நெல் குற்றுவார்கள். முதல் பானைக்கான நெல் ஆச்சிப்பிள்ளையின் குடியுடையது. தாய்வழியாக வருகிற உரிமை. ஒரே நிபந்தனை, நெல் அந்தக் குடியின் சொந்தக் காணியில் விளைந்திருக்க வேண்டும். குடியில் பலரும் காணியை விற்றுவிட்டார்கள். சிலர் வெளிநாட்டில். வயல் செய்கிறவர்கள் இப்போது இரண்டே பேர். ஒன்று ஆச்சிப்பிள்ளை, மற்றது ரதீஸ்.

ரதீஸின் நெல்லைப் போன மாரி வெள்ளம் கொண்டுபோய்விட்டது.

"வட்டை வயல் முழுக்க அழுகிப் போச்சு," என்றான் ரதீஸ். "பெரியம்மாட துண்டு மட்டும் தண்ணி வடிய எழும்பி நிண்டுது. அத்தனை நாள் மூழ்கிக் கிடந்து சாகாத நெல்லு எங்க இருக்கு? உள்ளுக்குக் கை வைக்காம அப்பிடி வராது."

"கமநலக் கந்தோரில அரசாங்கம் தந்த விதை மனே. பழைய நெல்லு ஒண்டையும் புது நெல்லு ஒண்டையும் கலந்து எடுத்ததாம். கலியாணம் முடிச்சு வச்ச மாதிரித்தான். ஜீஎம் இல்ல எண்டு சொல்லித்தான் தந்தவங்க."

"ஆய்வுகூடத்தில பிறந்தது தானே."

"நீயும் பெரியாஸ்பத்திரியில வயித்த வெட்டி எடுத்த பிள்ளைதான். உன்ன எந்த வாசல்ல மறிச்சாங்க?"

பூக்கட்டிக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். ஆச்சிப்பிள்ளை இளையதம்பி பக்கம் திரும்பினாள்.

"மச்சான்ட நெஞ்சுக்குள்ளயும் கம்பி வச்சிருக்கு. அது எந்த மரத்தில காய்ச்சது?"

இளையதம்பியின் கை தானாகச் சட்டைப் பைக்கு மேலே போனது.

அதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. இயற்கை நெல் என்றால் காட்டு நெல் மட்டும்தான், அது பழுக்கும் முன்பே கொட்டிவிடும், மற்றதெல்லாம் மனிதன் கை வைத்ததுதான் என்றார் அஜந்தா ரீச்சர். கை வைப்பது வேறு, உள்ளே புகுந்து மாற்றுவது வேறு என்றான் ரதீஸ். யூரியா போட்ட நெல்லை இத்தனை வருடம் அம்மாள் ஏற்றுக்கொண்டாளே என்று ஒருவர் கேட்டார். அம்மாளிடம் யாரும் யூரியாவைப் பற்றிச் சொல்லவில்லையே என்றார் இன்னொருவர். கம்பெனி விதை மறுபடி முளைக்காது, யூடியூப்பில் காட்டினார்கள் என்று ஓட்டோக்காரர் சொன்னார்.

பூசை செய்கிற கட்டாடியார் அந்தக் கடைசிப் பேச்சை மட்டும் பிடித்துக்கொண்டார்.

"அப்ப முளைக்கப் போட்டுப் பாருங்க. முளைச்சா நெல்லு. குற்றலாம்."

"அது சோதனை இல்ல ஐயா," என்றான் ரதீஸ். "ஜீஎம் எண்டாலும் முளைக்கும்."

யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் புரிகிற சோதனை ஒன்று கிடைத்துவிட்டது.

"பின்னேரம் வந்து ஒரு பிடி எடுக்கிறன்," என்றார் இளையதம்பி. மூட்டை வந்த ஓட்டோவிலேயே திரும்பிப் போனது.

ஆச்சிப்பிள்ளையின் வீடு எழுவான்கரையில். காணி வாவிக்கு அப்பால், படுவான்கரையில். தாய் சீதனமாகக் கொடுத்த காணி. பத்தொன்பது வயதில் கலியாணம், பிறகு பிள்ளைகள். கணவன் கட்டாரில் இருந்த காலத்தில் வயலைத் தானே எடுத்துச் செய்யத் தொடங்கினாள். அவன் திரும்பி வந்தான், சில வருடம் சேர்ந்து செய்தான், இறந்தான். அவள் தொடர்ந்து செய்தாள். அவன் சட்டைகளில் ஒன்றை மேலே போட்டுக்கொண்டு லான்ட் மாஸ்டர் உழவு மிசின் ஓட்டுவாள். பழைய காலத்தைப் பற்றி அவளுக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. கையால் அரிவு வெட்டிய காலத்தில் இடுப்பு போனது, வெட்டு மிசின் வந்த பிறகுதான் நிமிர்ந்தேன் என்பாள். சோயாமீற்றை விரும்பிச் சாப்பிடுவாள்.

ஒரு விஷயத்தில் மட்டும் பழைய ஆள். வீட்டுச் சோற்றுக்கான நெல்லைத் தானே அவிப்பாள். அதுவும் பாரம்பரியத்துக்காக இல்லை. மில் புழுங்கல் அரிசியில் ஒரு மணம் வருகிறது, அது அவளுக்குப் பிடிக்காது. பெரிய கிடாரத்தில் உமி வாய் திறக்கும்வரை அவித்து, பாயில் காயவைத்து, அதன் பிறகுதான் குற்ற அனுப்புவாள். அந்த ஒழுங்கையில் நெல் அவிக்கிற வீடு வேறு இல்லை. மற்றவர்கள் வெட்டிய ஈரத்தோடு வியாபாரிக்குக் கொடுத்துவிட்டுக் கடையில் அரிசி வாங்குகிறார்கள். இளையதம்பியும் அப்படித்தான்.

போன மாரியில் வாவி பெருகி வயலுக்குள் வந்தபோது வரம்பு எது, வாய்க்கால் எது என்று தெரியவில்லை. தண்ணீர் வடிந்ததும் சேறு பூசிய தாள்கள் தரையோடு படுத்துக் கிடந்தன. அவள் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து படுத்துவிட்டாள். அடுத்த கிழமை போனபோது அவளுடைய துண்டில் பச்சை தெரிந்தது. பக்கத்துத் துண்டில் ரதீஸ் விதைத்த பாரம்பரிய நெல், பச்சைப்பெருமாள், கறுத்துக் கிடந்தது.

மூட்டை திரும்பி வந்த அன்று பின்னேரம் அவள் தண்ணீர் கட்ட வயலுக்குப் போய்விட்டாள். இளையதம்பி வந்து ஒரு பிடி நெல் எடுத்துக்கொண்டு போனதாக அடுத்த வீட்டில் சொன்னார்கள். அதைக் கோயில் மடப்பள்ளியில் ஊறப்போட்டு, ஈரத் துணியில் கட்டி வைத்தார்.

இரண்டு நாள் கழித்து வழியில் அவளைக் கண்டு சைக்கிளை நிறுத்தினார்.

"மச்சாள், பயப்பிடாத. வாய் திறந்திருக்கு. நாளைக்கு முளை வந்திரும்."

அன்று வாவியைக் கடக்கப் பாதைப் படகில் ஏறியபோது ரதீஸும் ஏறினான். மோட்டார் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அவளுக்குப் பக்கத்தில் நின்றான்.

"கோவமா பெரியம்மா?"

"இல்லாம?"

"அப்பாட கிட்னி போனதுக்கு டொக்டர் காரணம் சொல்லேல்ல. தண்ணியா இருக்கலாம், வயலுக்கு அடிக்கிற மருந்தா இருக்கலாம் எண்டார். அப்பா கையால மருந்து கலக்கினத நான் கண்டிருக்கன். அப்பயும் கந்தோரில, ஒண்டும் செய்யாது எண்டுதான் சொன்னவங்க."

அவள் தண்ணீரைப் பார்த்தாள்.

"உன்ட பயம் எனக்கு விளங்குது. ஆனா முதல் பானை போனா மறுகா வராது மனே. அடுத்த குடி கேட்டுக்கொண்டு நிக்குது. அது உன்ட குடியும்தான்."

"நல்ல இயற்கை நெல்லு ரவுனில வாங்கலாம். நான் வாங்கித் தாறன்."

"வாங்கினா அது எங்கட நெல்லா?"

படகு கரை தட்டியது. அவன் வண்டியைத் தள்ளிக்கொண்டு இறங்கினான்.

நெல் குற்றுவதற்கு முதல் நாள் பின்னேரம் மடப்பள்ளிக்கு முன்னால் துணியை அவிழ்த்தார்கள். புளித்த மணம் வந்தது. நெல் ஊதியிருந்தது. வாய் திறந்த மணிகள் திறந்தபடியே கிடந்தன. ஒன்றிலும் முளை இல்லை.

ஓட்டோக்காரர் மட்டும் "பாத்தீங்களா" என்றார். அவரை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. ரதீஸின் முகத்தில் வென்றவனின் களை எதுவும் இல்லை.

பிள்ளைகளுக்கு இதைத்தானே ஆக்கிப் போட்டேன் என்று ஆச்சிப்பிள்ளை நினைத்தாள். அடுத்த விதைப்புக்கு வைத்திருந்த நெல்லை நினைத்தாள். கந்தோரில் சிரித்துக்கொண்டு விதையை அளந்து தந்தவனை நினைத்தாள். முதல் பானையைத் தன் கையால் தொலைத்துவிட்டதாகத் தோன்றியது.

"அப்ப அடுத்த குடிக்குச் சொல்லி அனுப்புறன்," என்றார் இளையதம்பி. குரல் மெலிந்திருந்தது.

அவள் உட்கார்ந்து ஒரு மணியை எடுத்தாள். உமியை நகத்தால் நீக்கினாள். உள்ளே அரிசி மங்கிய மஞ்சளாக இருந்தது. கடித்தாள். பச்சரிசி பல்லில் மாவாக உடையும். இது இழுபட்டது. இன்னொன்றைக் கடித்தாள். அது அவள் தினமும் தின்கிற சோற்றின் ருசி.

"மச்சான், இத எங்க எடுத்தீங்க?"

"உன்ட வீட்டிலதான். விறாந்தையில நிண்ட மூட்டையில."

"தரையில நிண்ட மூட்டையா?"

"ஓம்."

"அம்மாளுக்கு நேந்து வச்ச நெல்ல நான் தரையில வைப்பனா? வண்ணக்கர் தானே நீங்க! அது உள்ளுக்கு, வாங்குப் பலகை மேல, வெள்ளத் துணி கட்டி இருக்கு. இது நான் வீட்டுக்கு அவிச்ச நெல்லு!"

இளையதம்பி ஒரு மணியை எடுத்துக் கடித்தார். மென்றார். மற்றவர்களும் ஆளுக்கொன்று எடுத்துக் கடித்தார்கள்.

"வாய் திறந்திருந்துதே," என்றார் இளையதம்பி.

"அவிச்சா திறக்காதா?"

"நான் முளைக்கப் போகுது எண்டெல்லோ நினைச்சன்."

அஜந்தா ரீச்சர்தான் முதலில் சிரித்தார். பிறகு எல்லோரும். மூன்று தலைமுறை வயல்காரக் குடும்பம், அவித்த நெல்லுக்கு முளை பார்த்தது என்று யாரோ சொல்ல, இளையதம்பி தலையில் கை வைத்துக்கொண்டு தானும் சிரித்தார். ஆச்சிப்பிள்ளை சிரிக்கவில்லை. விடிந்தால் நெல் குற்ற வேண்டும். புதிதாக முளைக்கப் போட நாள் இல்லை.

"ஐயா சொன்னது முளைக்கோணும் எண்டு," என்றார் இளையதம்பி, சிரிப்பை நிறுத்தி. "முளைக்காத ஒண்ட எப்பிடி உள்ளுக்கு எடுக்கிறது?"

கட்டாடியார் அவிழ்த்த துணியை மடித்தார்.

ரதீஸ் வெளியே போயிருந்தான். புளித்த நெல்லைத் தொட்ட கையைக் கழுவப் பைப்படிக்குப் போனவன் அங்கேயே குந்திவிட்டான். கொஞ்ச நேரம் அவன் எழும்பவில்லை.

"பெரியம்மா, இஞ்ச வாங்க."

எல்லோரும் போனார்கள். கால் கழுவிய தண்ணீர் ஓடுகிற மணலில், கோழி கிளறாமல் விட்ட ஓரத்தில், நெல் முளைத்திருந்தது. ஊசி முனை போலப் பச்சை.

"அண்டைக்கு மூட்டையால கொட்டினது," என்றான்.

"வேற ஆருடையதாவது இருக்கலாமே," என்றார் ஓட்டோக்காரர்.

"இந்த முற்றத்துக்கு வேற ஆர் நெல்லு கொண்டு வந்தது? எல்லாரும் கடை அரிசிப் பையோட தானே வாறீங்க," என்றான் ரதீஸ்.

ஆச்சிப்பிள்ளை மணலில் உட்கார்ந்துவிட்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்கக் கண்ணீர் வந்துகொண்டிருந்தது. இளையதம்பி ஒரு முளையைப் பிடுங்கிக் கட்டாடியாரிடம் நீட்டினார். அவர் வேரைப் பார்த்தார், தலையாட்டினார்.

"ஆனா ஐயா," என்றான் ரதீஸ், "இது முளைச்சதால இயற்கை எண்டு ஆகாது. நான் முதல்லயே—"

"டேய், வாயப் பொத்து," என்றாள் ஆச்சிப்பிள்ளை, அழுதுகொண்டே சிரித்து. "கண்டுபிடிச்சுத் தந்தவன் நீ. மிச்சத்த வருசம் முழுக்கக் கதைப்பம்."

மறுநாள் காலை அதே ஓட்டோவில் மூட்டை வந்தது. ஓட்டையை நூலால் தைத்திருந்தாள். இளையதம்பி ஒரு பக்கம் பிடித்தார், ரதீஸ் மறுபக்கம். பெண்கள் முறை மாற்றிக் குற்றினார்கள். அரிசி கொஞ்சம் உடைந்தது. புடைத்து, கல் பார்த்து, முதல் பானைக்கு அளந்து வைத்தார்கள். மீதி அரிசியில் ஒரு பை வீட்டுக்குத் தரட்டுமா என்று ஆச்சிப்பிள்ளை ரதீஸைக் கேட்டாள். வேண்டாம் என்றான். நாளைக்குப் பொங்கல் சாப்பிடுவாயா என்று கேட்டாள். அம்மாளுக்குப் படைத்தது வேற கதை, சாப்பிடுவேன் என்றான். மதியம் மழை தூறியது. அவள் பாதைப் படகில் போய் வயலுக்குத் தண்ணீரை மறித்துவிட்டு, பொழுது சாயும் முன் திரும்பினாள். விறாந்தையில் நின்ற அவித்த நெல் மூட்டையை மில்லுக்கு அனுப்பினாள்.