காயாத பெயிண்ட்

நம்புகிறவர்கள் நம்புங்கள். நம்பாதவர்களோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை. அன்றைக்கு வண்டியில் இருந்தது இரண்டே பேர். அண்ணனும் நானும். அண்ணன் இதைப் பற்றி வாயே திறக்கமாட்டான். அதனால் நான்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. இதில் ஒரு வரிகூட நான் சேர்த்தது இல்லை.

முதலில் அப்பாவின் வேலையைச் சொல்லிவிடுகிறேன். சாலையைத் தோண்டும்போதும் பாலத்தைப் பழுது பார்க்கும்போதும், இந்தப் பக்கம் போ, அந்தப் பக்கம் போகாதே என்று மஞ்சள் தகரப் பலகை வைப்பார்களே, அந்தப் பலகை நடுவதுதான் அப்பாவின் வேலை. அந்த இடத்திலேயே மஞ்சள் அடித்து, கறுப்பில் எழுத்தும் அம்புக்குறியும் போடுவார். முடித்ததும் ஓரத்தில் கட்டைவிரலை அழுத்திப் பார்ப்பார். ஒட்டவில்லை என்றால், "காஞ்சிடுச்சு, கிளம்பலாம்" என்பார். ஒட்டினால் விரலைப் பலகையின் முதுகில் துடைத்துவிட்டுப் பக்கத்திலேயே குந்திக்கொள்வார். பெயிண்ட் காயாமல் ஒரு பலகையை விட்டுவிட்டு அவர் வீட்டுக்கு வந்ததே கிடையாது.

அதனால் அப்பா வைத்த எந்தப் பலகைக்கும் பின்னால் மஞ்சளாக ஒரு விரல் தடம் இருக்கும். அதுவும் முழு விரல் இல்லை. சுத்தியல் நசுக்கியதில் அவருடைய கட்டைவிரலுக்கு மேல்பாதி கிடையாது. மொட்டை விரல். சின்ன வயதில் பஸ்ஸில் போகும்போது நானும் அண்ணனும் ஜன்னல் வழியாக அந்தத் தடத்தைத்தான் தேடுவோம். யார் முதலில் பார்க்கிறார்களோ அவர்களுக்கு ஜன்னல் சீட்.

அண்ணன் வாடகைக் கார் ஓட்டுகிறான். அவனுக்கு வழி சொல்வது ஃபோன். அதில் பேசுகிற பெண் குரலுக்கு 'அண்ணி' என்று பெயர் வைத்திருந்தான். "உங்க அண்ணி சொல்லிட்டா அப்பீலே கிடையாது" என்பான். அப்பாவுக்கு அது பிடிக்காது. ஒரு நாள் சாப்பிடும்போது அதைப் பற்றிப் பேச்சு முற்றியது.

"அவ ஒரு நாளாவது ரோட்ல இறங்கி நடந்திருக்காளா? போர்டைப் பாத்து ஓட்டுடா."

"உங்க போர்டை இப்ப எவன்ப்பா பாக்கறான்? வெச்ச நீங்கதான் திரும்பிப் பாத்துக்கணும்."

அப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவிவிட்டார். அந்த வாரமே அவருக்கு ஒரு பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. அம்மா இல்லாத வீடு. நான் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அவர் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தேன். மூன்று வருடம். அண்ணன் தினமும் வந்து அவர் காலைப் பிடித்துவிடுவான். போர்டைப் பற்றி அன்றைக்குச் சொன்னதற்கு மன்னிப்பு மட்டும் கேட்டதில்லை.

போன மழைக்காலத்தில் அப்பாவுக்கு மூச்சுத் திணறியது. காலையில் ஆம்புலன்ஸில் ஏற்றி, ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அத்தை கூடப் போனாள். அண்ணன் வெளியூர்ச் சவாரியிலிருந்து வந்ததும் நாங்கள் போவதாக ஏற்பாடு. நாங்கள் இருவரும் அந்த ஆஸ்பத்திரிக்கு அதுவரை போனதில்லை.

சாயங்காலம் ஐந்து மணிக்கு அவன் வந்து நுழையும்போதே அத்தை ஃபோன் செய்தாள்.

"கண்ணு, உங்கப்பன் பேசறான். சத்தியமா பேசறான். பசங்க எங்க, கிளம்பிட்டாங்களான்னு கேக்கறான். ஆனா டாக்டர் நம்பிக்கை குடுக்கல. ராத்திரி தாண்டாதாம். இருக்கற வேலையைப் போட்டுட்டு ஓடி வாங்க."

அண்ணன் ஃபோனை வண்டியில் மாட்டினான். இரண்டு தடவை கீழே விழுந்தது. போய்ச் சேரும் நேரம் ஆறு நாற்பது என்று காட்டியது.

"ஒரு வார்த்தை பேசிட்டாப் போதும்டி" என்றான். எந்த வார்த்தை என்று நான் கேட்கவில்லை.

மழை விட்டிருந்தது. ஆனால் பனிமூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. ஆறு மணிக்கு முன்பே விளக்குப் போட வேண்டியதாகிவிட்டது. பெரிய சாலையில் லாரிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. 'அண்ணி' நேராகப் போகச் சொன்னாள். அப்போதுதான் இடது ஓரத்தில் அந்தப் பலகையைப் பார்த்தேன். மஞ்சள் தகரம். 'ஆஸ்பத்திரி' என்று எழுதி, இடப்பக்கம் அம்புக்குறி.

"அண்ணா, போர்டு லெஃப்ட்ல போகச் சொல்லுது."

"உங்க அண்ணி நேரா போகச் சொல்றா. பேசாம வா, ஊமை."

நான் அதிகம் பேசாததால் அவன் எனக்கு வைத்த பெயர் அது.

பலகையைத் தாண்டியதும் திரும்பிப் பார்த்தேன். முன்னால் லாரி நின்றதால் அண்ணன் பிரேக் பிடித்தான். பின்விளக்கின் சிவப்பு வெளிச்சம் பலகையின் முதுகில் விழுந்தது.

அதில் ஒரு தடம்.

மொட்டை விரல்.

"அண்ணா. ஓரமா நிறுத்து."

என் குரலைக் கேட்டு மறுபேச்சில்லாமல் நிறுத்தினான். இரண்டு பேரும் இறங்கிப் போய்ப் பார்த்தோம். கம்பம் நட்ட இடத்தில் மண் புதிதாக இருந்தது. அண்ணன் தடத்தின் மேல் விரல் வைத்தான். எடுத்தான். விரல் நுனி மஞ்சளாக இருந்தது.

"மழை ஈரம்" என்றேன்.

முகர்ந்து பார்த்தான். "பெயிண்ட்."

மூன்று வருடமாகக் கட்டிலை விட்டு எழுந்திருக்காத மனிதர். வேறு யாராவது இருந்தால் அந்த இடத்திலேயே வண்டியைத் திருப்பிக்கொண்டு ஓடியிருப்பார்கள். ஆனால் அண்ணனின் முகத்தில் பயம் இல்லை. அழப்போகிற சின்னப் பையனின் முகம் மாதிரி இருந்தது.

"அப்பா போர்டுடி. அப்பா போர்டு என்னிக்காவது பொய் சொல்லியிருக்கா? இன்னிக்காவது அவர் பேச்சைக் கேக்கறேன்."

இடப்பக்கம் திரும்பினான்.

குறுகலான சாலை. இரண்டு பக்கமும் புதர். எதிரே ஒரு வண்டி வரவில்லை. பின்னாலும் இல்லை. "முடிந்தால் திரும்பிச் செல்லவும்" என்றாள் அண்ணி. சேரும் நேரம் ஏழு இருபத்தைந்து ஆனது. கொஞ்ச நேரத்தில் எட்டுப் பத்து.

"திரும்பிச் செல்லவும்."

அண்ணன் அவள் குரலை மட்டும் அணைத்தான்.

அடுத்த பலகை வந்தது. 'ஆஸ்பத்திரி 6 கி.மீ.' அதைத் தாண்டியதும் திரும்பிப் பார்த்தேன். தடம் இருந்தது. ஒரு வளைவு. அடுத்த பலகை. '4 கி.மீ.' அதிலும் தடம். அப்பாவின் எழுத்தேதான். 'ஸ்'ஸின் புள்ளியை அவர் எப்போதும் கொஞ்சம் தள்ளித்தான் வைப்பார்.

"பாத்தியா, குறுக்கு வழி" என்றான் அண்ணன். சிரிக்கக்கூடச் செய்தான்.

நான் ஃபோனைப் பார்த்தேன். வரைபடத்தில் சாலையே இல்லை. வெறும் வெளுப்பு. அதன் நடுவில் எங்கள் புள்ளி மட்டும் நகர்ந்தது. சேரும் நேரம் இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை.

சக்கரத்தின் சத்தம் மாறியது. தார் இல்லை. ஏதோ புல்லை நசுக்குகிற மாதிரி... ஸ்ஸ்ஸ் என்று...

'2 கி.மீ.'

அந்தப் பலகையிலிருந்து மஞ்சள் வழிந்துகொண்டிருந்தது.

"அண்ணா, வேணாம்."

"இன்னும் ரெண்டே கிலோமீட்டர்டி."

வேகத்தைக் கூட்டினான். பெயிண்ட் வாசனை வண்டிக்குள் வந்தது. கண்ணாடி எல்லாம் ஏற்றித்தான் இருந்தது.

இன்னொரு பலகை. அதில் எழுத்து இல்லை. அம்புக்குறி மட்டும்.

நேராக.

ஃபோன் அடித்தது.

அத்தை.

அண்ணன் பிரேக்கை அழுத்தினான். வண்டி வழுக்கிக்கொண்டே போய்... நின்றது.

"போயிட்டான்டா" என்றாள் அத்தை. "இப்பதான்டா. இந்த நிமிஷம்தான்."

அண்ணன் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்தான்.

நான் முன்னால் பார்த்தேன்.

பனி விலகியது.

விளக்கு வெளிச்சம் விழுந்த இடத்தில் தரையே இல்லை.

கீழே... வெகு கீழே... தண்ணீர் ஓடும் சத்தம்.

அது பழைய பாலத்துச் சாலை. இரண்டு வருடத்துக்கு முன்னால் வந்த வெள்ளம் அந்தப் பாலத்தை அடியோடு கொண்டுபோய்விட்டது. அது எங்களுக்கும் தெரிந்த செய்திதான். நாங்கள் வந்தது அந்தச் சாலை என்பதுதான் தெரியவில்லை. எங்கள் முன்சக்கரத்துக்கும் விளிம்புக்கும் நடுவில் ஒரு ஆள் படுக்கக்கூட இடமில்லை.

நான் திரும்பிப் பார்த்தேன். கடைசியாகத் தாண்டிய பலகை அங்கே இல்லை. திரும்பி வந்த வழியில் ஒரு பலகையும் இல்லை. கம்பம் நட்ட குழிகூட இல்லை. பெரிய சாலைக்கு வந்ததும் ஃபோனில் அந்தக் குரலை மறுபடி போட்டேன். அது நிதானமாக வழி சொன்னது. லாரிகளின் பின்னால் ஊர்ந்து போய்ச் சேர்ந்தோம். முதலிலேயே அந்த வழியில் போயிருந்தால் அப்பா எங்களைப் பார்த்திருக்கலாம்.

அத்தை வராண்டாவில் உட்கார்ந்திருந்தாள்.

"கண்ணை மூடிக்கிட்டே உங்களுக்கு வழி சொல்லிக்கிட்டிருந்தான்" என்றாள். "லெஃப்ட்ல திரும்பிட்டாங்கன்னான். வளைவு தாண்டிட்டாங்கன்னான். அப்புறம், 'பாலத்துக்கிட்ட வந்துட்டாங்கக்கா, பெரியவன் இன்னிக்கு என் போர்டைப் பாத்துதான் வரான்'னு ஒரு சிரிப்பு சிரிச்சான். அதோட சரி. நீங்க எந்தப் பாலத்துக்குடா போனீங்க?"

அண்ணன் அவளைத் தாண்டி உள்ளே போனான்.

பாலம் போனது அப்பா படுக்கையில் விழுந்த பிறகு. அதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்தவரை அந்தப் பாலம் நின்றுகொண்டுதான் இருந்தது. எங்களைச் சீக்கிரம் பார்க்க வேண்டும் என்று தெரிந்த குறுக்கு வழியைக் காட்டியிருக்கிறார். அப்படித்தான் நான் நினைத்துக்கொள்கிறேன். வேறு மாதிரி நினைத்தால் தூக்கம் வராது.

அவர்மேல் இருந்த துணியை விலக்கிப் பார்த்தேன். படுக்கை விரிப்பில் மஞ்சள் தடங்கள். மொட்டை விரல். மருந்துக் கறை என்றார் நர்ஸ். அவை ஒரே இடத்தில் இல்லை. வரிசையாகப் போய், இடப்பக்கம் திரும்பி, ஒரு வளைவு வளைந்து, கட்டிலின் ஓரம்வரை போயிருந்தன. அவர் கட்டைவிரலைத் துடைத்தேன். என் விரலில் ஒட்டிக்கொண்டது.

நடந்தது இவ்வளவுதான் என்று முடித்துவிடலாம். முடியவில்லை.

அண்ணன் இப்போது வண்டியில் ஃபோனை மாட்டுவதில்லை. சவாரி குறைந்துவிட்டது. கேட்டால், "போர்டு இருக்கறப்போ அது எதுக்கு?" என்கிறான். சில சாயங்காலங்களில் சவாரி எதுவும் இல்லாமலேயே கிளம்பிப் போகிறான். வண்டிச் சாவியை ஒளித்துவைத்துப் பார்த்தேன். அழுதும் பார்த்தேன். அத்தை அவன் காலில் விழாத குறை. எதுவும் அவன் காதில் ஏறவில்லை.

நேற்றுத் திரும்பி வந்து சாப்பிட உட்கார்ந்தவன், கையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அவனுடைய விரல் நுனி மஞ்சளாக இருந்தது.

"இன்னும் காயலடி" என்றான். "அப்பா அங்கேயே குந்திக்கிட்டிருக்காரு."